கேட்டுச் செய்வதும் கேளாமல் செய்வதும்

சட்டம் இடங்கொடுத்த காரியத்தைப் பங்காளியிடம் ஒரு வார்த்தை கேளாமல் செய்வது தவறாகுமா? வியாபாரச் சகோதரர்களாகிய நாம் யோசிக்கவேண்டிய கேள்வி இது. நாடுகளுக்கும் இதே கேள்வி உண்டு.

சமஷ்டி ஆட்சி என்பதும் ஒருவகைக் கூட்டு வியாபாரமே. கொள்முதல் யார் பொறுப்பு, கல்லாப்பெட்டி யார் பொறுப்பு என்று நாம் பத்திரத்தில் எழுதிக்கொள்கிறோம். அதுபோல மலேசிய அரசியல் சட்டத்தின் 9-வது அட்டவணையில் அதிகாரங்கள் பங்கிடப்பட்டிருக்கின்றன. நம் சரக்குக்குச் சுங்கவரியும் லாபத்துக்கு வருமானவரியும் மத்திய அரசாங்கத்தின் பங்கு. கடை நிற்கும் நிலமும், முஸ்லிம்களின் நிக்காஹும், வக்பு சொத்தும் மாநிலத்தின் பங்கு.

சரி, புதிய பங்காளியைச் சேர்க்கும்போது பழைய பங்காளிகளைக் கேட்கவேண்டுமா? 1963-ம் ஆண்டு இக்கேள்வி கோர்ட்டு ஏறியது. மலாயாவின் 11 மாநிலங்களோடு சிங்கப்பூர், சரவாக், சபா ஆகியவற்றைச் சேர்த்து மலேசியா அமைக்க ஜூலை 9-ந் தேதி லண்டனில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. செப்டம்பர் 16-ல் புதிய நாடு உதயமாக வேண்டும். அதற்கு ஆறு நாட்கள் முன்பு கிளந்தான் மாநில அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. ஒவ்வொரு மாநிலத்தின் சம்மதமும் பெறாமல் இதைச் செய்வது செல்லாது என்பது அதன் வாதம். பிரதம நீதிபதி சர் ஜேம்ஸ் தாம்ஸன் 14-ந் தேதி அதை ஏற்க மறுத்துவிட்டார்.

சட்டம் அவர் பக்கமே இருந்தது. 2-வது ஷரத்தின்படி ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்றுவதானால் அம்மாநிலத்தின் சம்மதமும் ஆட்சியாளர்கள் மாநாட்டின் சம்மதமும் வேண்டும். புதிய மாநிலத்தைச் சேர்ப்பதற்கோ பார்லிமெண்டு போதும். வேலியை நகர்த்தக் கேட்கவேண்டும். வீட்டில் ஆள் சேர்க்கக் கேட்கவேண்டியதில்லை!

இரண்டு ஆண்டுகள் சென்றன. 1965 ஆகஸ்டு 9-ல் சிங்கப்பூர் பிரிந்தது. கூடவே வந்து சேர்ந்த சபாவிடமும் சரவாக்கிடமும் முன்கூட்டி ஆலோசனை செய்யப்படவில்லை. அவ்விரு மாநிலங்களின் மனக்குறை நெடுங்காலம் நீடித்தது. 2021 டிசம்பரில்தான் அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, 1963 ஒப்பந்தத்தின் பெயர் அதில் ஏறியது.

இவ்வளவும் எழுதும் நான் குற்றமற்றவன் அல்லன். எங்கள் கடையில் நாங்கள் மூன்று பேர் பங்கு. இருவர் ஒத்தால் போதும் என்பது பத்திரம். மூன்றாமவர் ஊருக்குப் போயிருந்த சமயம், கையில் ரொக்கத்தோடு ஒருவர் வந்தார். நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம். திரும்பி வந்தவர் கல்லாவில் புதிய முகத்தைக் கண்டார். நான் பத்திரத்தை எடுத்துக் காட்டினேன். "பத்திரத்தில் பிழையில்லை பாய். ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். வருஷக் கணக்கு முடிந்ததும் தம் பங்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தால் காரியம் நடக்குமா என்பர் சிலர். நியாயமான கேள்விதான். ஒருவருடைய மறுப்பே எல்லோரையும் கட்டிப்போடலாகாது. அதற்காகத்தான் பெரும்பான்மை என்று விதி வைக்கிறோம். ஆனால் கேட்பது வேறு, தடுக்கும் உரிமை கொடுப்பது வேறு. மஷூரா செய்தபின் பெரும்பான்மைப்படி முடிவெடுக்கலாம். தோற்றவரும் தம் சொல் சபையேறியது என்று மனம் ஆறுவார். கேட்கப்படாதவருக்கோ தாம் பங்காளியா, கடைப்பையனா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது.

கோர்ட்டு பார்ப்பது அதிகாரம் உண்டா என்பதை. அதிகாரம் உள்ளவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது இன்னொன்று: இதனால் பாதிக்கப்படுபவரிடம் சொன்னேனா? நான் அன்று கேட்டுக்கொள்ளவில்லை. வாசகர்களாவது கேட்டுக்கொள்வார்களாக.