அடைக்கலம் புகுந்த பூனைக்கு எவ்வுணவு?



அருகப் பெருமான் திருவடிகளை வணங்கி, இம்முறை சிறியது போலத் தோன்றும் ஒரு வினாவை ஆராயப் புகுகின்றோம். நம் சமூகத்து இல்லம் ஒன்றில் எழுந்த வினா இது. இன்று வேறு பல இல்லங்களிலும் எழக்கூடியது. பன்னிரண்டு ஆண்டுகளாக அவ்வீட்டை அண்டி வாழும் பூனைக்குச் சிறுநீரகம் தளர்ந்துவிட்டது. ஓயாமல் நீர் பருகுகின்றது, உடல் மெலிகின்றது, வைத்த பால்சோற்றை முகர்ந்துவிட்டு அகன்று விடுகின்றது. கால்நடை மருத்துவர் எழுதித் தந்த தனியுணவிலோ இறைச்சி கலந்திருக்கின்றது. "ஊன் இவ்வீட்டு வாயிலைத் தாண்டலாகாது" என்கின்றார் விரதம் பூண்ட மாமியார். "பசியால் சாகவிடுவது மட்டும் கொல்லாமையோ?" என்கின்றார் மருமகள். இருவரும் அறத்தின் பெயராலேயே பேசுகின்றனர். ஆகவே இருவர் சொல்லையும் தள்ளாது எண்ணிப் பார்த்தல் அநேகாந்தம் பயின்ற நம் கடனாகும்.

ஆசிரியப் பயிற்சியில் முதற்பாடம் ஒன்று உண்டு. கற்பிக்கப் புகுமுன் மாணாக்கனை அறிக என்பதே அது. உணவூட்டப் புகுவார்க்கும் அப்பாடம் பொருந்தும். பூனையின் உடல் எத்தகையது என்பதை முதலில் அறிவோம்.

நாயும் மனிதனும் கலப்புணவு கொண்டு வாழ வல்லவர்கள். பூனை அவ்வாறன்று; ஊனை உண்டே வாழுமாறு அதன் உடல் அமைந்துள்ளது. டாரின் என்னும் பொருளை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடல் தேவையான அளவு ஆக்க மாட்டாது. அது குறைந்தால் பூனையின் விழித்திரை அழியும் என்பது 1970களில் தெளிவாயிற்று. இதயத் தசை தளர்ந்து விரிதற்கும் அக்குறையே காரணம் ஆகும் என்பதைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 1987-இல் வெளியிட்டனர். காரட்டிலும் கீரையிலும் உள்ள நிறமியை நாம் வைட்டமின் ஏ ஆக மாற்றிக் கொள்கின்றோம். பூனையால் அது இயலாது. இனிப்புச் சுவையை அறியும் உறுப்பும் அதன் நாவில் செயற்படுவதில்லை. இவை யாவும் அதன் பிறவியோடு வந்தவை. விலங்குகதியில் அவ்வுடலை எய்திய உயிர் தேர்ந்து கொண்ட பழக்கங்கள் அல்ல. எனவே பூனையைக் 'கொடிய பிராணி' என்று இகழ்வது நமக்குத் தகாது.

"நம் வீட்டுப் பூனைகள் தலைமுறை தலைமுறையாகப் பால்சோறு தின்று வாழவில்லையா?" என்று வினவுவார் உளர். வாழ்ந்தன, மெய்தான். ஆயினும் பால்சோற்றால் மட்டும் அவை வாழவில்லை. களத்திலும் கூரையிலும் எலியையும் பல்லியையும் பிடித்துத் தம் குறையைத் தாமே நிரப்பிக் கொண்டன. நாம் கண்டது கிண்ணத்தில் வைத்த சோறு. காணாதது இரவின் வேட்டை. முதுமையும் நோயும் வந்து வேட்டை நின்றபோது பால்சோற்றின் போதாமை வெளிப்படுகின்றது. வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பாலும் செரிப்பதில்லை; வயிற்றுப்போக்கு உண்டாகும்.

இனி, மாமியார் பக்கம் நின்று ஒரு தடை எழுப்புவோம். மகாவீரப் பெருமான் தம் முற்பிறவி ஒன்றில் சிங்கமாய் இருந்தபோது, வான்வழி வந்த சாரண முனிவர் இருவரின் அறவுரை கேட்டு, ஊனை வெறுத்து, உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததாகப் புராணம் கூறுகின்றது. சிங்கமே ஊனை விட்டதாயின் பூனை விடலாகாதா?

இத்தடைக்கு விடை அக்கதையிலேயே உள்ளது. சிங்கம் தன் பழம்பிறப்பை உணர்ந்து, கண்ணீர் சொரிந்து, தானே விரதம் ஏற்றது. முனிவர்கள் அதனைக் கூட்டில் அடைத்துப் பட்டினியிடவில்லை. ஏற்பவன் உள்ளத்தில் தோன்றுவதே விரதம். பிறர்மேல் சுமத்தப்படின் அது விரதமாகாது, சிறையாகும். நம் உபவாசமும் அத்தகையதே. எண்ணித் துணிந்து உணவை விடுபவர்க்கு அது வினைகளை உதிர்க்கும் தவம். பூனைக்கோ பட்டினி பெருந்தீங்கு. இரண்டு மூன்று நாள் உண்ணாதிருந்தாலே, சிறப்பாகப் பருத்த பூனைக்கு, உடற்கொழுப்பு கல்லீரலில் சென்று படிந்து உயிருக்கே கேடாய் முடியும். சல்லேகனை என்னும் உயர்ந்த சொல்லை இதற்குச் சூட்டுவது அச்சொல்லுக்கு இழுக்காகும்.

கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை உமாசுவாமி தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்துள்ளார். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகைப்பாரம் ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. ஐந்தாவதை நன்கு நோக்குக. நம்மை நம்பியிருக்கும் உயிர்க்கு உணவை மறுத்தல் கொல்லாமையைக் காப்பதாகாது, அதனைக் கறைப்படுத்துவதாகும். மருமகள் சொல்லின் வலிமை இங்கே இருக்கின்றது.

ஆயினும் மருமகள் பக்கமும் ஒரு தடை உண்டு. "கொன்றவன் கசாப்புக்காரன், நாம் விலைகொடுத்து வாங்கினோம், அவ்வளவே" என்று கூறி நாம் தப்பிவிட முடியாது. புத்தரோடு வாதிட்ட நீலகேசி இந்த வாதத்தையே மறுத்தாள் என்பதை நாம் அறிவோம். வாங்குவார் இல்லையேல் விற்பார் இல்லை. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வாரை உடன்படல் என்னும் மூன்று வழியாலும் வினை வந்தடையும். எனவே ஊன்கலந்த உணவை வாங்குவதில் குற்றமே இல்லை என்று நாம் எழுத மாட்டோம். அவ்வாறு எழுதுவோமாயின் மாமியாரின் கண்ணீருக்கு மதிப்பில்லாது போகும்.

இவ்விரு தடைகளுக்கும் நடுவே வழி எங்கே? நம் முன்னோர் அதனை வேரிலேயே கண்டனர். பூனை முதலிய ஊனுண்ணிகளை வளர்த்தலைச் சுவாமி கார்த்திகேயானுப்ரேக்ஷை போன்ற நூல்கள் அனர்த்த தண்டத்தில் அடக்கி, ஆயுதம் விற்றலுக்கு அருகே வைத்து விலக்கின. நெற்குதிரைக் காக்க வேண்டிப் பூனையை வளர்த்து எலியைப் பிடிக்க விடுவது, பிறிதொரு வாயால் நாமே கொல்வதற்கு ஒப்பாகும் என்பது அவர்கள் கருத்து. ஆதலால் அழகுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் பூனைக்குட்டியை விலைகொடுத்து வாங்குதல் நம் குடும்பங்களுக்கு ஏற்றதன்று. பிள்ளைகள் கேட்கும்போதே இதனை அன்போடு எடுத்துரைக்க வேண்டும். வந்தபின் தவிப்பதினும் வருமுன் எண்ணுதல் எளிது.

ஆனால் தானே வந்து புகுந்ததை என் செய்வது? மழைக்கு ஒதுங்கியதை, பிறர் எறிந்துவிட்டுப் போனதை, பன்னிரண்டு ஆண்டு நம் திண்ணையில் உறங்கியதை என் செய்வது? உணவு, மருந்து, நூல், அபயம் என்னும் நால்வகைத் தானங்களில் அபயதானத்தை அதற்கு நாம் அளித்துவிட்டோம். அளித்த அபயத்தை அது நோயுற்ற நாளில் திரும்பப் பெறுதல் ஒண்ணாது. சாக்கில் கட்டிச் சந்தைத் தெருவில் விட்டால் நம் வீட்டுக்குள் ஊன் வாராது. எனினும் அவ்வுயிர் பசித்துச் சாகும், அல்லது பிற உயிரைக் கொன்று வாழும். இரண்டிலும் நமக்குப் பங்குண்டு.

டெல்லிச் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பரர் லால் மந்திர் வளாகத்தில் புகழ்பெற்ற பறவை மருத்துவமனை உள்ளது. தானியம் உண்ணும் பறவைகளை உள்ளே தங்க வைத்துப் பேணும் அவ்வறநிலையம், ஊனுண்ணும் பறவைகளை அவ்வாறு தங்க வைப்பதில்லை. அதே நகரில் நதீம் ஷெஹ்சாத், முகமது சவுத் என்னும் உடன்பிறந்தார் இருவர், காயமுற்ற பருந்துகளைத் தம் இடத்தில் வைத்து, ஊனூட்டிக் குணப்படுத்தி, மீண்டும் வானில் விடுகின்றனர். 2022-இல் வெளிவந்த 'ஆல் தட் பிரீத்ஸ்' என்னும் ஆவணப்படம் அவர்கள் பணியை உலகறியச் செய்தது. மருத்துவமனை தன் விரதத்தைக் காத்தது. சகோதரர்கள் பருந்தைக் காத்தனர். இரண்டும் கருணையின் வடிவங்களே. ஒரே கூரையின் கீழ் இவ்விரண்டும் இணங்கி வாழ முடியுமா என்பதே நம் இல்லத்து வினா. முடியும் என்பதே நம் துணிபு. அதற்குரிய நெறிகளைக் கூறுவோம்.

முதலாவது: விரதம் பூண்ட மூத்தோர் அவ்வுணவை வாங்கவும் வேண்டா, தொடவும் வேண்டா, அவர்களை யாரும் வற்புறுத்தலாகாது. இளையோர் ஒருவர் அப்பொறுப்பை ஏற்க. உணவும் கிண்ணமும் சமையலறைக்கும் பூசையறைக்கும் புறத்தே, பின்கட்டில் இருக்கட்டும்.

இரண்டாவது: மருத்துவர் சொல்லை மீறி நாமாக உணவு வகுத்தலாகாது. சிறுநீரக நோய்க்குரிய உணவில் பாஸ்பரஸ் குறைக்கப்பட்டிருக்கும்; புரதம் அளவோடும் தரத்தோடும் இருக்கும். ஈரப்பதம் மிகுந்த உணவு நல்லது. தூய நீர் எப்போதும் இருத்தல் வேண்டும். பழைய உணவோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஏழு முதல் பத்து நாளில் மாற்றுக. மணம் எழும்படி இளஞ்சூடாக வைத்தால் நோயுற்ற பூனையும் உண்ணும். ஒருநாள் முழுதும் உண்ணாவிடில் காத்திராது மருத்துவரிடம் செல்க.

மூன்றாவது: வெங்காயமும் பூண்டும் எவ்வடிவிலும் பூனைக்கு ஆகா, அவை குருதிச் சிவப்பணுக்களை அழிக்கும். நாம் காய்ச்சலுக்கு உண்ணும் பாரசிட்டமால் மாத்திரை அதற்கு நஞ்சு.

நான்காவது: முற்றும் தாவர உணவால் ஆகாதா என்பார்க்கு ஒன்று கூறுவோம். தொழிற்சாலையில் வேதியியல் முறையில் ஆக்கப்படும் டாரின் விலங்கிலிருந்து பெறப்படுவதன்று. அதனைச் சேர்த்த தாவர உணவுகள் சில நாடுகளில் விற்கப்படுகின்றன. நலமுள்ள பூனைக்கு அவை ஏற்குமா என்பதில் மருத்துவரிடையே கருத்து ஒன்றுபடவில்லை. சிறுநீரின் காரத்தன்மை மிகுந்து கல் உண்டாகும் அச்சமும் உண்டு; ஆண்பூனைக்கு அதனால் சிறுநீர் அடைபட்டு உயிர் போகலாம். நோயுற்ற பூனையை வைத்து இதனைச் சோதித்தல் தகாது. கொல்லாது, உயிரணுவிலிருந்து வளர்த்த ஊனை விலங்குணவில் சேர்க்கப் பிரிட்டன் 2024-இல் இசைவளித்தது. அடுத்த தலைமுறைக்கு இவ்வினா எளிதாகலாம்.

ஐந்தாவது: தேவைக்கு மேல் வாங்காதீர்; வீணாக்காதீர். பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்து வேட்டையைத் தவிர்ப்பீர். கருத்தடை செய்வித்து, இத்துயர் குட்டிகளாகப் பெருகாமல் காப்பீர்.

ஆறாவது: உணவிடுபவர் நாள்தோறும் பிரதிக்கிரமணத்தில் இதனை நினைந்து வருந்துக. மாவாற் செய்த கோழியைப் பலியிட்ட யசோதரன் பல பிறவி உழன்றதற்குக் காரணம் கொல்லும் கருத்தே அன்றோ? கருத்து அத்துணை வலியதாயின், சுவையும் வேட்கையும் இன்றி, ஓர் உயிரின் நோய் தணிய வேண்டும் என்னும் கருத்தோடும், பலியான உயிர்க்கு இரங்கும் நெஞ்சோடும் செய்யும் செயலின் பிணிப்பு மெலிதாகும். அது முற்றும் அறாது, மெலிதாகும். இல்லறத்தார் செய்யக் கூடியது அவ்வளவே. அதனால்தான் துறவறம் அதற்கு மேலே வைக்கப்பட்டது.

மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பாவி என்று எண்ணாதிருப்பாராக. ஊனைக் கண்டு நடுங்கும் நெஞ்சு ஓர் இல்லத்துக்கு வேண்டும். பசியைக் கண்டு பொறாத கையும் அதே இல்லத்துக்கு வேண்டும். முன்னது இல்லாவிடில் நாளடைவில் ஊன் நமக்கு இயல்பாகிவிடும். பின்னது இல்லாவிடில் நம் விரதம் வறண்டுவிடும். பிள்ளைகள் இரண்டையும் பார்த்து வளரட்டும்.

எவ்வுயிரும் இன்புறுக! அறம் வளர்க!