கடைசியாக எப்போது போட்டார்கள்?

முதுமையில் மனிதர்கள் பெரும்பாலும் உயரத்திலிருந்து விழுவதில்லை. நனைந்த முற்றத்தில் ஒரு கால் வழுக்கும், அல்லது விடியுமுன் இருட்டில் சேலை தடுக்கும். நின்ற இடத்தில் விழுந்ததற்கா தொடை எலும்பின் கழுத்து முறியும் என்று வீட்டார் நம்பச் சற்று நேரம் பிடிக்கிறது. எண்ணெய் தடவிப் பார்க்கிறார்கள், நாட்டுக்கட்டுப் போட ஆள் தேடுகிறார்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வாசுதேவநல்லூர் போன்ற மலையடிவார ஊர்களில் அந்தக் காலை விடிந்த பிறகு இன்னொரு விவாதம் தொடங்கும்: சங்கரன்கோவிலா, தென்காசியா, ராஜபாளையமா, இல்லை ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையா? 2019இல் தென்காசி தனி மாவட்டமானபோது ஆட்சியர் அலுவலகம் நமக்குப் பக்கத்தில் வந்தது. மருத்துவக் கல்லூரி திருநெல்வேலியிலேயே நின்றுவிட்டது.

இந்த முறிவில் நேரம் என்பது வெறும் பொறுமை சம்பந்தப்பட்ட விஷயமல்ல. 36 மணி நேரம், மிஞ்சினால் 48 மணி நேரத்துக்குள் அறுவை முடிந்து, மறுநாளே எழுப்பி உட்காரவைக்க வேண்டும் என்பது இன்று பல நாடுகள் ஏற்றுக்கொண்ட அளவு. படுக்கையில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் முதுகில் புண்ணாகவோ, நெஞ்சில் சளியாகவோ, புத்தித் தடுமாற்றமாகவோ கணக்கு வைத்துக்கொள்கிறது. சிகிச்சை பெற்றவர்களிலேயே நான்கைந்து பேரில் ஒருவர் ஓராண்டு தாண்டுவதில்லை என்பதுதான் பல நாடுகளின் அனுபவம். இவ்வளவு அவசரமான இடத்தில்தான் மருத்துவர் நிதானமாக ஒரு கேள்வி கேட்கிறார்: ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை உண்டா, கடைசியாக எப்போது போட்டார்கள்?

அந்த மாத்திரைகளின் வரலாறே விசித்திரமானது. 1920களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. அதன் காரணத்தைத் தேடிப்போன ஆராய்ச்சியின் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1955இல் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே அதைக் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் அதன் உறவுக்கார மருந்தான அசிட்ரோம்தான் அதிகம் புழங்குகிறது. அதை நம்பி வாழ்பவர்களில் செயற்கை இதய வால்வு வைத்தவர்களும் உண்டு. செங்கோட்டைக் கணவாய் தாண்டினால் திருவனந்தபுரம். அங்கே ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்தில் மருத்துவர் வலியத்தான் தலைமையில் உருவான செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வுக்குக் காசில்லாத ஆயிரக்கணக்கானோர் அதனால் பிழைத்தார்கள். அன்று முப்பது வயதில் வால்வு வைத்துக்கொண்டவருக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. வாழ்நாள் முழுதும் மாத்திரை போட வேண்டிய அவர்தான் இப்போது முற்றத்தில் வழுக்கி விழும் வயதுக்கு வந்திருக்கிறார்.

மாத்திரையின் பெயர் தெரிந்தால் வழியும் தெரியும். ஆஸ்பிரினுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. குளோபிடோக்ரெலின் விளைவு தீர ஐந்தாறு நாள் ஆகும்; ஆனால் அதற்காக அறுவையைத் தள்ளாமல், முதுகுத்தண்டில் ஊசி போடுவதைத் தவிர்த்து முழு மயக்கம் கொடுத்துச் செய்யலாம் என்பதே இன்றைய போக்கு. வார்ஃபரின், அசிட்ரோம் வகையை வைட்டமின் கே கொடுத்து ஏறக்குறைய ஒரு நாளில் தணிக்கலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் புது வகை மாத்திரைகளுக்குச் சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து ஒன்றிரண்டு நாள் காத்திருந்தால் போதும். செயற்கை வால்வு இருப்பவரிடம் மட்டும் எதையும் பொத்தாம்பொதுவாக நிறுத்திவிட முடியாது. மாத்திரையோடு அறுத்தால் ரத்தம் நிற்காது. அறுக்காமல் மாத்திரையை நிறுத்திப் படுக்கவைத்தால் ஆடாத காலிலேயே ரத்தம் உறையும். இதயத்தைக் காத்து அவரை இந்த வயதுவரை கொண்டுவந்த மருந்தே இடுப்பைச் சரிசெய்யத் தடையாக நிற்கிறது. நீண்ட ஆயுளை நாம் ஒவ்வொரு உறுப்பாகத் தனித்தனியே வாங்கியிருக்கிறோம். அவை ஒன்றோடொன்று மோதும்போது யாரைக் கேட்பது என்று மட்டும் தெரியவில்லை.

முதலில் கேட்கப்படுபவர்கள் பிள்ளைகள். விழுந்து கிடக்கும் ஆச்சியின் பெயரில் எத்தனை சென்ட், எந்த சர்வே எண் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ராத்திரி என்ன மாத்திரை விழுங்குகிறார் என்பது தெரியாது. 'ஹார்ட்டுக்கு ஏதோ போடுவாங்க' என்பதோடு தகவல் முடிந்துவிடும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. வந்ததும் எல்லாம் ஒரே டப்பாவில் சேர்ந்துவிடுகின்றன. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. மானாவாரி நிலமும் எலுமிச்சைத் தோப்பும் எல்லோருக்கும் சோறு போட்டிருந்தால் அவர்கள் திருப்பூருக்கும் துபாய்க்கும் போயிருக்க மாட்டார்கள். ஆனால் ஸ்ட்ரெச்சரில் கிடப்பவருக்குப் பதில் தெரியும் என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். 'ராத்திரி பாதி மாத்திரை, செவ்வாயும் வெள்ளியும் முழுசு; நேத்து போடல' என்று பிசகாமல் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

உண்மையில் மருந்தின் விளைவு தீரக் காத்திருக்கும் நேரம் குறைவு. எக்கோ எடுக்க ஒரு நாள், இதய மருத்துவர் ஃபிட்னஸ் கொடுக்க ஒரு நாள், காப்பீட்டு அனுமதி, ரத்தம் கொடுக்க ஆள், அதற்கிடையில் 'இந்த வயசுல அறுக்கணுமா' என்று கேட்கும் சொந்தக்காரர்கள். வலியைச் சொல்பவரைவிட வலியைப் பார்க்க வந்தவர்களின் கருத்துக்கு அங்கே எடை அதிகம். அறுவை வேண்டாம் என்பதும் ஒரு நியாயமான முடிவாக இருக்கலாம். படுத்த படுக்கையாகவே இருந்து ஏற்கெனவே தளர்ந்துபோனவருக்கு வலியைத் தணிப்பதே போதும் என்று நல்ல மருத்துவர்களும் சொல்வதுண்டு. ஆனால் முந்தின நாள் வரை தண்ணீர்க்குடம் தூக்கியவருக்கும் அதே பதில் சொல்லப்படுகிறது.

வயதுவந்த, நினைவு தெளிவான ஒருவர்மேல் கத்தி வைக்க அவருடைய சம்மதமே வேண்டும், பெற்ற தாயின் கையெழுத்துகூட அதற்கு ஈடாகாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஆச்சியின் கைநாட்டு செல்லும் என்பதில் நமக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. ஆஸ்பத்திரியில் மட்டும் மகன் வரட்டும் என்கிறோம். மகன் மூன்றாம் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி, 'அம்மா என்ன சொல்லுதாவ?' என்று கேட்கும்போதுதான், அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை என்பது தெரியவருகிறது.