காதின் வழி வரும் கல்வி

9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூர் வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாகத் தரப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. கொடை செப்பில் எழுதப்பட்டது. அங்கே கற்பிக்கப்பட்ட வேதமோ காதால் கேட்டு நெஞ்சில் நிறுத்தப்பட்டது. சிலருக்கு மட்டுமே திறந்திருந்த கல்வி அது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் எழுத்தை வாசிப்பதுதான் அறிவுக்கு ஒரே வாசல் என்று அந்த மரபு கருதவில்லை. வள்ளுவரும் கல்வி, கல்லாமை ஆகியவற்றை அடுத்துக் கேள்வியை வைத்து, அதன் பிறகே அறிவுடைமைக்கு வருகிறார். இன்று வாசிக்கத் திணறும் பிள்ளையைப் பார்த்து, சரஸ்வதி கடாட்சம் இல்லை, முன்வினை என்று சொல்லிவிடுகிறோமே, அதற்கு நம் சமயத்தில் இடம் உண்டா? இல்லை என்றே சொல்வேன்.

எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கென மூளையில் பிறவியிலேயே ஓரிடம் இல்லை. முகங்களையும் பொருள்களையும் இனங்காணும் பகுதியில் ஒரு துண்டு, பழக்கத்தால் எழுத்துக்கென மாறுகிறது என்கிறார் பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்தனிஸ்லாஸ் தெஹான். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளிடம் வாசிக்கும்போது அப்பகுதி குறைவாக இயங்குகிறது. சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதும் பலருக்குக் கடினம். 1896இல் ஆங்கிலேய மருத்துவர் பிரிங்கிள் மார்கன் விவரித்த இத்தகைய 14 வயதுச் சிறுவனைப் பற்றி அவன் ஆசிரியர் சொன்னது இது: பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான்.

தமிழில் எழுதியபடியே வாசிக்கலாமே, திணறுவது சோம்பல்தானே என்பார்கள். எழுத்தும் ஒலியும் நெருங்கிய மொழிகளில் இந்தக் குறைபாடு பிழையாக அல்ல, வேகக் குறைவாகவே அதிகம் தெரியும். அதனாலேயே சோம்பலாகத் தோன்றுகிறது. ‘கொ’ என்பதில் முதலில் கண்ணில் படும் ஒற்றைக்கொம்பு, ககர ஒலிக்குப் பின் வரும் உயிரைக் குறிக்கிறது. மூன்று துண்டுகளைக் கூட்டி ஓர் ஒலியாக்க வேண்டும். பழகிய நமக்கு அந்த உழைப்பு மறந்துவிட்டது.

வினைக்கொள்கையை நம்புவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நமக்குச் சைவ சித்தாந்தம் அயலானதன்று. அதன்படி அறிவது உயிர். கண்ணும் செவியும் மனமும் கருவிகள். ஒரு கருவி தயங்குவதைக் கொண்டு உயிரின் தகுதியை அளக்க அந்தத் தத்துவம் இடம் தரவில்லை. எழுத்தில்லாமல் பிழைக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்து, பொறுமையாகக் கற்பிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியாவைக் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரமோ, வினாத்தாளை வாசித்துக் காட்ட ஒருவரோ கொடுத்தால் மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம் என்பது சரியல்ல. அறிவியல் தேர்வு அளக்க வேண்டியது அறிவியலை; வாசிப்பு வேகத்தை அல்ல.