அளவும் உடலும்

நாற்பத்தேழு வயதில் கடலுக்கடியில் மூழ்கப் பழகிக்கொள்ள வேண்டுமென்று எனக்கு ஆசை வந்தது. ஆசையின் காரணங்கள் இங்கு முக்கியமல்ல. அந்தமானில் ஹேவ்லாக் தீவில் (2018க்குப் பிறகு அதன் பெயர் ஸ்வராஜ் த்வீப்) ஒரு பயிற்சி நிலையத்தில் நான்கு நாள் வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் காலை பயிற்சியாளன், போர்ட் ப்ளேரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த கறுப்பு மேல்சட்டைகளில் ஒன்றை எடுத்து என் தோளில் மாட்டினான். பெரிதாக இருக்கிறதே என்றேன். "வாரை இழுத்துக் கட்டிட்டா சரியாயிடும் அக்கா, எல்லாருக்கும் இதுதான்" என்றான்.

'எல்லாருக்கும் இதுதான்' என்ற அந்த இரண்டு வார்த்தைகளைப் பற்றி யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

பிசிடி என்று தொழிலில் சொல்லப்படும் இந்த மிதப்புச் சட்டையைப் படகில் மாட்டித் தருகிற உயிர்காப்பு மிதவையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதன் வேலை வேறு. கடலில் 10 மீட்டர் இறங்கினால் உடல்மீதுள்ள அழுத்தம் இருமடங்காகிறது. வெட்சூட்டின் ரப்பருக்குள் இருக்கும் நுண்ணிய குமிழ்கள் சுருங்குகின்றன. மேலே மிதந்தவள் கீழே கனக்கிறாள். அந்த நஷ்டத்தை ஈடுகட்ட சிலிண்டரிலிருந்து கொஞ்சம் காற்றைச் சட்டையின் பைக்குள் விடவேண்டும். ஏறும்போது அதே காற்று விரியும்; அதை வெளியேற்றிக்கொண்டே வரவேண்டும். இதற்கிடையில், 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்றின் எடையே இரண்டரைக் கிலோவுக்கு மேல்; மூச்சு விடவிட அதுவும் குறைந்துகொண்டு போகிறது. மூழ்காமலும் எழும்பாமலும் இருக்கிற அந்த நடுநிலை ஒவ்வொரு நிமிஷமும் திரும்பத் திரும்பச் சம்பாதிக்கவேண்டிய ஒன்று. மீனுக்குள் காற்றுப்பை செய்கிற காரியத்தை மனிதருக்கு இந்தச் சட்டை செய்கிறது. இதை ஆடை என்பதைவிடக் கடன் வாங்கிய உறுப்பு என்பது பொருத்தம்.

உறுப்பு பொருந்தாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அன்றே தெரிந்துகொண்டேன். நீர்ப்பரப்பில் காற்றை நிரப்பியதும் சட்டை மட்டும் மேலே எழும்பி என் காதுகளை மூடியது. நான் அதற்குள் தொங்கினேன். முகவாய் காலரில் இடித்தது. மார்பு வார் மார்பகத்தின் குறுக்கே இறுகியது. இடுப்புப் பட்டை விலாவின் கீழ் இருக்கவேண்டியது, இடுப்பெலும்பைத் தாண்டி இறங்கி ஈய பெல்ட்டை மறைத்தது. கீழே போனதும் சிலிண்டர் இடது பக்கம் சாய்ந்து என்னையும் சாய்த்தது. நிமிர்ந்து பார்த்தால் பின்தலை வால்வில் மோதியது. மற்றவர்களைவிடச் சீக்கிரமாக என் காற்று தீர்ந்தது. பையன் நல்லவன். "பயப்படாதீங்க அக்கா, மூச்சை நிதானமா விடுங்க" என்று பொறுமையாகச் சொன்னான். இரண்டாம் நாளும் இதேதான். நான் பயப்படுகிறேன் என்று நானும் நம்ப ஆரம்பித்தேன். வயதாகிவிட்டது, இந்த உடம்புக்கு இது ஆகாது என்று இரண்டு இரவுகள் படுத்துக்கொண்டு யோசித்தேன். மூன்றாம் நாள் பணத்தைத் திரும்பக் கேட்காமல் ஊருக்குப் போய்விடுவது என்று முடிவும் செய்தேன்.

மூன்றாம் நாள் வகுப்பிலிருந்த ஒல்லியான கல்லூரி மாணவன் ஒருவன் ஜலதோஷத்தால் வரவில்லை. அவனுடைய சிறிய சட்டை காலியாக இருந்தது. கடைசியாக ஒரு தடவை என்று அதை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மார்பு வார் அதிலும் உறுத்தத்தான் செய்தது. ஆனால் சட்டை ஏறவில்லை, சிலிண்டர் சாயவில்லை. ஐந்து நிமிஷத்துக்குள் எனக்குப் பயம் இல்லை என்பதைக் கண்டேன். இரண்டு நாளாக என்னுடைய குணம் என்று நான் ஏற்றுக்கொண்டது, ஆணியில் தொங்கிய ஒரு பொருளின் குணம்.

இங்கே ஒரு தார்மீகப் பிரச்னை இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒரு பொருளும் ஓர் உடலும் பொருந்தாதபோது குற்றம் யார்மேல் விழுகிறது? தர்க்கப்படி பொருத்தமின்மை இருவருக்கும் பொது, யாருக்கும் சொந்தமில்லை. அனுபவத்தில் அது எப்போதும் உடலின்மேல்தான் விழுகிறது. பொருள் பேசாது, அசையாது, பலருக்கு ஏற்கனவே பொருந்தியிருக்கிறது என்ற சாட்சியமும் அதற்குண்டு. மார்லோ-போந்தி 1945இல் வெளிவந்த தம் நூலில் குருடனின் கைத்தடியைப் பற்றிப் பேசுகிறார்; பழகியபின் தடி ஒரு பொருளாக இல்லாமல், தொடு உணர்ச்சியின் நீட்சியாகிவிடுகிறது. சரிதான். ஆனால் தடி அவன் கைக்கு ஏற்ற நீளத்தில் இருக்கிறது என்பது அங்கே சொல்லாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிடுகிறது. தன் உடலை மறந்து உலகத்தில் ஈடுபடுவது மனித இருப்பின் பொது இயல்பு என்பது பாதி உண்மை. பொருள்கள் யாருக்காகச் செய்யப்பட்டனவோ அவருக்கு அந்த மறதி இலவசமாகக் கிடைக்கிறது. மற்றவர்கள் கடலுக்கடியில் போயும் மீனைப் பார்க்காமல் தம் தோளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

கூஸ்டோவும் கான்யானும் 1943இல் பிரான்ஸில் தங்கள் மூச்சுக்கருவியைச் சோதித்தபோது இந்தச் சட்டையே கிடையாது. சிலிண்டரை வார்களால் முதுகில் கட்டிக்கொண்டார்கள். 1960களில் கழுத்தில் மாட்டும் காற்றுப்பை புழக்கத்துக்கு வந்தது. 1970களில் அது கையில்லாத சட்டையாக மாறியது. செய்தவர்களும் வாங்கியவர்களும் பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் இல்லாமலில்லை. டாட்டி ஃப்ரேஸியர் 1955இல் அமெரிக்காவின் முதல் பெண் ஸ்கூபா பயிற்சியாளரானார். பின்னால் மூழ்கும் உடைகளைத் தாமே செய்து விற்றார். 1970இல் சில்வியா ஏர்ல் தலைமையில் ஐந்து பெண்கள் வர்ஜின் தீவுகளில் டெக்டைட் என்ற கடலடி வீட்டில் இரண்டு வாரம் தங்கி ஆராய்ச்சி செய்தார்கள். உடல்கள் நீருக்குள் போய்விட்டன. அளவுகள் பல ஆண்டுகள் பின்தங்கி வந்தன. வான்வெளியிலும் இதே கதை. 2019 மார்ச்சில் இரு பெண்கள் சேர்ந்து விண்கலத்துக்கு வெளியே இறங்குவதாக இருந்த திட்டம் மாற்றப்பட்டது. நடுத்தர அளவில் உடனே அணியக்கூடிய நிலையில் இருந்த மேற்பகுதி ஒன்றே ஒன்று. அதே வருஷம் அக்டோபர் 18 அன்றுதான் அது நடந்தது.

இதுவரை சொன்னதிலிருந்து, ஆண் அளவு ஆதிக்கம் செய்கிறது, பெண் அளவு வேண்டும் என்ற முடிவுக்கு வரலாம். நானும் அப்படித்தான் வந்தேன். பிறகு சென்னையில் ஒரு கடையில் பெண்களுக்கான சட்டை ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். தோள்வார்கள் மார்பகத்தைச் சுற்றி வளைந்து போயின; அது உண்மையான நிம்மதி. ஆனால் எனக்கு உடல் நீளம். சராசரிப் பெண்ணுக்கு முதுகு குட்டை என்று கணக்குப் போட்டு வெட்டியிருந்ததால் இடுப்புப் பட்டை என் விலாவின்மேல் உட்கார்ந்து மூச்சைப் பிடித்தது. ஓரங்களில் ஊதாப் பூவேலை வேறு. ஆண் என்ற பொது அளவிலிருந்து தப்பி, பெண் என்ற பொது அளவில் போய் மாட்டிக்கொண்டேன்.

ஆண் அளவு என்பதாவது உண்மையா? 1950இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் அவற்றில் பத்து அளவுகளை எடுத்து, பத்திலும் சராசரியை ஒட்டியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை. அத்தனை பேரும் ஆண்கள். அத்தனை விமானங்களும் சராசரி ஆணுக்காகச் செய்யப்பட்டவை. அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 1945இல், க்ளீவ்லாண்டில் 'நார்மா' என்ற சராசரிப் பெண் சிலைக்கு நிகரானவளைத் தேடிப் போட்டி நடத்தினார்கள். 3,864 பெண்களில் ஒன்பது அளவுகளிலும் பொருந்தியவர் ஒருவருமில்லை. சராசரி என்பது எங்கும் வசிக்காத ஒரு ஆள். அவனுக்காகத் தைத்த சட்டைகளைத்தான் நாமெல்லோரும், ஆண்கள் உட்பட, போட்டுக்கொண்டு திரிகிறோம். சிலருக்கு உறுத்தல் குறைவு, அவ்வளவுதான் வித்யாசம். ஆனால் நீருக்கடியில் அந்த வித்யாசம் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் 'அவ்வளவுதான்' என்று விட்டுவிடவும் முடியாது.

உடலுக்கும் துணிக்கும் மூன்று விதமான உறவு நம் வீடுகளில் உண்டு. ஒன்று, ரெடிமேட். அளவு முன்பே தீர்மானமாகிவிட்டது. உடல் போய் அதில் நுழைய வேண்டும். இரண்டு, ரவிக்கை. தையற்காரரிடம் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தால் ஒரே ஒரு உடலுக்காகத் தைத்துத் தருகிறார். ஆனால் உடல் மாறிவிட்டால், போன வருஷத்து உடலுக்கு விசுவாசமாக அது அலமாரியில் கிடக்கும். மூன்று, சேலை. அதற்கு அளவே இல்லை. கட்டுவதில்தான் அளவு உண்டாகிறது. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் அதே சேலை.

இதை நான் உபமானத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஃப்ளோரிடாவின் குகைகளில் மூழ்குகிறவர்கள் மத்தியில் பிரபலமான ஒரு அமைப்பு இருக்கிறது. முதுகில் ஒரு உலோகத் தகடு. அதன் துளைகளின் வழியாகத் தோள், இடுப்பு என்று கோத்து வரும் சுமார் 12 அடி நீளமுள்ள நாடா. காற்றுப்பை பின்புறம் தனியாக. மார்பின் மேல் ஒன்றுமே இல்லை. எஸ், எம், எல் கிடையாது. அணிகிறவர் உடம்பின்மேல் வைத்து இழுத்து நிர்ணயித்துக்கொள்ளும்போதுதான் அது ஒரு அளவாகிறது. கடைசியில் நான் வாங்கியது அதைத்தான். அதற்கும் விலை உண்டு. எஃகுத் தகடாக இருந்தால் படகில் தூக்கக் கனம். தோள் மூட்டு இறுகியவர்களுக்குக் கழற்றுவது கஷ்டம். காற்றுப்பை முதுகில் இருப்பதால் நீர்ப்பரப்பில் நிரப்பினால் முகத்தை முன்னால் தள்ளும், பழகவேண்டும். எல்லாருக்கும் இதுதான் என்று நான் சொல்ல ஆரம்பித்தால் அந்தப் பையன் செய்த தவறையே செய்தவளாவேன்.

விமானப்படை கண்ட முடிவும் இதுதான். புதிய சராசரி ஒன்றைத் தேடாமல், நகர்த்தக்கூடிய இருக்கைகளும் நீட்டிக் குறைக்கக்கூடிய வார்களும் வைத்தார்கள். சமத்துவம் என்பது எல்லோருக்கும் ஒரே அளவைத் தருவதல்ல என்பது பழைய பேச்சு. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு அளவு தருவதோடும் அது முடிந்துவிடுவதில்லை என்பதுதான் நான் கற்றுக்கொண்டது. பிரிவு ஒரு ஆரம்பம். அதில்லாமல் வளைந்த தோள்வார் வந்திருக்காது. ஆனால் முடிவை ஒவ்வொரு தடவையும் அந்த உடலிடம் கேட்டே எடுக்கவேண்டும்.

எனக்கு நானே ஒரு எச்சரிக்கையும் சொல்லிக்கொள்கிறேன். பயம் என்னுடையதல்ல, சட்டையினுடையது என்று கண்டது பெரிய விடுதலை. அந்த விடுதலை சீக்கிரமே சௌகரியமாகிவிடும். என் சோம்பல், என் அவசரம், நிஜமாகவே என்னுடையதான பயம், எல்லாவற்றுக்கும் ஒரு சட்டையைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டையும் பிரித்தறிய யோசித்து மட்டும் பலனில்லை. சட்டையை மாற்றிப் பார்க்கவேண்டும். மாற்றியபின்னும் மிச்சமிருப்பது என்னுடையது. மாற்றிப் பார்க்க வாய்ப்பில்லாதவருக்குத் தம்மைப் பற்றிய உண்மை தெரியவே வழியில்லை என்பதுதான் இதிலுள்ள அநியாயம்.

நான்காம் நாள் நான் கரையேறியபோது அடுத்த வகுப்புக்கு ஒரு பெண் வந்திருந்தாள். பையன் ஆணியிலிருந்து எடுத்தது முதல் நாள் எனக்கு மாட்டிய அதே சட்டை. "எல்லாருக்கும் இதுதான்க்கா" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. ஊர் திரும்பும் அவசரம், பையன் மனம் நோகுமே என்ற தயக்கம், கற்றுக்கொண்டவள் என்ற புது மமதை, ஏதோ ஒன்று.

சொல்லியிருக்க வேண்டியது அதிகமில்லை. வெட்சூட்டைப் போட்டுக்கொண்டு அதன்மேல் சட்டையை மாட்டிப் பார். முழுக்கக் காற்றை நிரப்பி ஆழமாக மூச்சிழு. விலா விரிய இடமில்லையென்றால் வேண்டாம். யாரையாவது தோள்வாரைப் பிடித்து மேலே தூக்கச் சொல். காதுவரை வந்தால் வேண்டாம். மார்பு வார் எங்கே அழுத்துகிறது பார். இடுப்புப் பட்டை ஈய பெல்ட்டை மறைக்கிறதா பார். காற்றை வெளியேற்றும் கயிறுகள் ஒவ்வொன்றும் பார்க்காமலே கைக்கு எட்டுகிறதா என்று பார். எட்டவில்லையென்றால் உன் கை குட்டையில்லை. வேறு சட்டை கேள்.