கேட்பது குற்றமாகுமா?

பிணியுற்றவர் தம் உடலைப் பற்றி மருத்துவரிடம் வினவுவது அடக்கமின்மையா? 'வந்ததைப் பொறுத்துக்கொள்' என்று பழகிய நம் இல்லங்களில், சிறப்பாகப் பெண்களிடையே, இவ்வினா எழுவது அரிது. எழுபது வயதைக் கடந்தபின் மார்பகப் புற்றுநோய் கண்ட எனக்கு அது எழுந்தது.

மார்பில் தட்டுப்பட்ட கட்டியை நான்கு மாதங்கள் எவரிடமும் சொல்லவில்லை. வலி இல்லை, வெட்கம் இருந்தது. வினைப்பயன் என்று கருதி அமைதி காத்தேன். அதனைப் பொறுமை என்றும் எண்ணிக்கொண்டேன். இத்தகைய கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

மருத்துவமனையில் மருத்துவர் என் மகனை நோக்கியே பேசினார். "அம்மாவுக்கு முழுவதும் எடுத்துவிடலாம், இந்த வயதில் என்ன?" என்றார். மகனும் தலையசைத்தான். "ஐயா, நோய் எனக்கு, என்னிடம் சொல்லுங்கள்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு ரோஸ் குஷ்னர் என்னும் எழுத்தாளருக்கு இந்நோய் கண்டது. அந்நாளில் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தித் திசுவைச் சோதிப்பர். புற்றெனத் தெரிந்தால் அவர் விழிக்குமுன்பே மார்பகத்தை அகற்றிவிடுவர். அவர் அதற்கு இசையவில்லை. முதலில் சோதனை மட்டும், முடிவை அறிந்தபின் சிகிச்சை என்றார். அறுவை மருத்துவர் பலர் மறுத்தும் தளரவில்லை. 1979இல் அந்நாட்டுத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய குழு, சோதனையையும் சிகிச்சையையும் தனித்தனியே செய்யப் பரிந்துரைத்தது. அவரும் அக்குழுவில் இருந்தார். 1985இல் வெளியான பெர்னார்டு ஃபிஷர் குழுவினரின் ஆய்வு, கட்டி சிறிதாயின் அதனை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு அளித்தாலும் உயிர்வாழும் வாய்ப்பு குறைவதில்லை என்று காட்டியது.

ஆதலின் நானும் என் வினாக்களை ஒரு நோட்டில் எழுதிச் சென்றேன். நோய் எந்த நிலையில் உள்ளது? முழு மார்பகத்தையும் அகற்ற வேண்டுமா? ஹார்மோன் ஏற்பிச் சோதனை என்ன சொல்கிறது? மருந்தால் வரும் துன்பங்கள் யாவை? மருத்துவர் இம்முறை என்னை நோக்கியே விளக்கினார். வெவ்வேறிடங்களில் கட்டிகள் இருந்தமையால், எனக்கு முழுவதும் அகற்றுவதே தக்கது என்று தெரிந்தது. முதலில் சொன்ன சிகிச்சையே நடந்தது. ஆயினும் இப்பொழுது அது நான் அறிந்து இசைந்த சிகிச்சை. பின்வந்த வேதனையைத் தாங்க அவ்வறிவே துணைநின்றது.

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்று நாம் வரிசைப்படுத்திச் சொல்கிறோம். காணாமலும் அறியாமலும் பொறுப்பது எங்ஙனம் ஒழுக்கமாகும்? வினைப்பயனைத் துய்ப்பது வேறு. முயற்சியைக் கைவிடுவது வேறு. வினவுதலும் மருத்துவரை எதிர்த்தல் ஆகாது. வினவியவர் விடையைச் செவிமடுக்கவும் கடமைப்பட்டவர்.

வகுப்பில் வாய்திறவாத மாணவியரைப் பணிவுள்ளவர் என்று பலமுறை பாராட்டியிருக்கிறேன். அவருள் எத்தனைபேர் பாடம் விளங்காமல் அஞ்சி இருந்தனரோ! என்னுடைய நான்கு மாத மௌனமும் அத்தகையதே. அதற்கு நான் பிறரைக் குறைகூற இயலாது.

சகோதரிகளே, கட்டி தென்பட்டால் அன்றே சொல்லுங்கள். பிள்ளைகளே, மருத்துவர்முன் உங்கள் தாயாரை முன் நாற்காலியில் அமரச் செய்யுங்கள்.