இரவல் நூலும் விருந்தினன் அறமும்

விருந்தினரைப் போற்றும் முறையைத் தமிழர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரமே விருந்தோம்பல். ஆனால், விருந்தாகச் சென்றவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு வள்ளுவர் தனி அதிகாரம் வகுக்கவில்லை. நெடுநாள் இது எனக்கு ஒரு குறையாகவே தோன்றியது. இப்போது அவ்வாறு தோன்றவில்லை. பதினோராம் அதிகாரமாகிய செய்ந்நன்றியறிதலையும், இருபத்தொன்பதாம் அதிகாரமாகிய கள்ளாமையையும் ஒருங்கே வைத்துப் படித்தால், விருந்தினனுக்கு வேண்டிய அறம் முழுவதும் அவற்றுள் அடங்கியிருக்கக் காணலாம். இதனை எனக்கு உணர்த்தியது ஏட்டுப் படிப்பு அன்று. ஒரு கல்லூரி நூலகத்தில் விருந்தினனாக இருந்து நான் செய்த பிழையே.

எந்தப் பெயரில் பதிவது?

நான் தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிபவன். 2017ஆம் ஆண்டில், இங்குள்ள கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்துவந்த விரிவுரையாளர் என்னிடம் ஓர் உதவி வேண்டினார். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர் சிலர் மாலை நேரச் சான்றிதழ் வகுப்பில் சேர்ந்திருந்தனர். எழுத்தையும் இலக்கணத்தையும் அவர் கற்பிப்பார். பேச்சுப் பயிற்சிக்குத் துணையாக வேறொருவர் வாரத்தில் இரு நாள் வந்தால் நலமாயிருக்கும் என்றார். அலுவற்கடமைக்கு ஊறு நேராதவரையில், ஊதியம் பெறாத சமூகப் பணிக்கு 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் இடந்தருகின்றன. எனவே இசைந்தேன். பஞ்சாபியும் போஜ்புரியும் பேசி வளர்ந்த பிள்ளைகள் 'வாழைப்பழம்' என்னும் சொல்லோடு போராடி வென்றதைக் கேட்டது அந்த ஆண்டில் நான் அடைந்த பெருமகிழ்ச்சி.

கற்பிக்கத் தொடங்கிய பின்னரே என் அறியாமை எனக்குத் தெரிந்தது. 'வந்தான்' என்பதற்கும் 'வந்துவிட்டான்' என்பதற்கும் என்ன வேறுபாடு என்று ஒரு மாணவி கேட்டாள். பிறந்தது முதல் பேசிவரும் மொழி. எனினும் விடை கூற நா எழவில்லை. அடுத்த வகுப்புக்குள் விடை தேட வேண்டுமென்று கல்லூரி நூலகத்தை நாடினேன்.

நூலகர் பீகார் மாநிலத்தவர். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். "மாஸ்டர்ஜி, நீங்கள் ஆசிரியர் பட்டியலிலும் இல்லை, மாணவர் பட்டியலிலும் இல்லை. கணினியில் உங்களை எந்தப் பெயரில் பதிவது?" என்று கேட்டார். விதிப்படி நான் உள்ளே அமர்ந்து படிக்கலாம்; நூலை வெளியே கொண்டுசெல்ல இயலாது. அலுவலகம் விட்டு நான் வந்து சேரும்போதோ, நூலகம் மூட அரை மணி நேரமே எஞ்சியிருக்கும். என் நிலைமையைக் கண்ட அவரே ஒரு வழி செய்தார். விரிவுரையாளரிடம் பொறுப்புக் கடிதம் ஒன்று பெற்று, இரண்டு நூல்கள், பதினான்கு நாள் என வரையறுத்து, தம் மேசையிலிருந்த நோட்டுப் புத்தகம் ஒன்றில் என் பெயரை எழுதிக்கொண்டார்.

மாணவன் காப்புத்தொகை கட்டியிருக்கிறான். படிப்பு முடிந்து வெளியேறுமுன் 'நிலுவை இல்லை' என்று நூலகத்தின் கையொப்பம் பெறுகிறான். ஆசிரியரும் பணி நீங்கும்போது அக்கையொப்பத்தைப் பெற்றே ஆகவேண்டும். என்னைக் கட்டுதற்கு அத்தகைய கயிறு எதுவும் இல்லை. ஒரு நல்ல மனிதரின் நம்பிக்கை ஒன்றே இருந்தது.

தமிழ் அடுக்கு

அந்நூலகத்தில் தமிழுக்கென்று இரண்டு அடுக்குகள் இருந்தன. அங்குள்ள ஊழியர் எவருக்கும் தமிழ் எழுத்துத் தெரியாது; முதுகில் ஒட்டிய எண்ணைக் கொண்டே நூலை அடையாளங் காண்பர். எண் உதிர்ந்த நூல்கள் கண்ட இடத்தில் கிடந்தன. சில தலைகீழாக நின்றன. பட்டியலில் ஆசிரியர் பெயர்கள் ஆங்கில எழுத்தில் பதிவாகியிருந்தன. ஒருவர் பெயரையே மூன்று விதமாக எழுதியிருந்தமையால், ஒரே ஆசிரியர் மூவராகப் பிரிந்து நின்றார்.

நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931இல் வெளியிட்டவர் எஸ். ஆர். ரங்கநாதன். சீர்காழியில் 1892இல் பிறந்து, கணக்கு ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். பின்னர் நம்மைப்போல் தில்லிக்கும் வந்து, இங்குள்ள பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகள் பணிபுரிந்தவர். ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் கிட்டவேண்டும் என்பது அவருடைய இரண்டாம் விதியின் கருத்து. ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிட்டவேண்டும் என்பது மூன்றாம் விதியின் கருத்து. தலைகீழாக நிற்கும் நூலுக்கு எந்த வாசகர் வந்து சேர்வார்?

சனிக்கிழமைகளில் எனக்கு அலுவலகம் இல்லை. ஐந்தாறு சனிக்கிழமைகள் சென்று, நூல்களைத் துடைத்து நேரே நிறுத்தினேன். ஒரே ஆசிரியரின் வேறுவேறு பெயர் வடிவங்களைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். நூலகர் எனக்குத் தேநீர் வருவித்துத் தந்தார். விருந்தினன் வெறுங்கையோடு வந்தவன் அல்லன், அவனாலும் ஆவது உண்டு என்ற நிறைவு எனக்கு ஏற்பட்டது. அந்த நிறைவுதான் பின்னர் என்னை வழுக்கி விழச் செய்தது.

நியாயங்கள் நான்கு

அடுக்கைத் துடைத்தபோது, தமிழ் உரைநடையின் வளர்ச்சியைப் பற்றிய சிறு நூல் ஒன்று கைக்கு அகப்பட்டது. மறுபதிப்பு வெளிவராத நூல். அதன் தேதிச் சீட்டில் இறுதியாகப் பதிந்திருந்த முத்திரை 1989ஆம் ஆண்டுக்குரியது. எடுத்துச் சென்றேன், படித்தேன், திரும்பப் படித்தேன். 2018 ஏப்ரலில் வகுப்பு முடிந்தது. விரிவுரையாளர் வேறு ஊருக்குப் போய்விட்டார். மறு ஆண்டு அவ்வகுப்பு நடைபெறவில்லை. நூல் என் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது. எவரும் கேட்கவில்லை.

'நாளை கொடுப்போம்' என்று தொடங்கிய மனம், நாளடைவில் 'ஏன் கொடுக்க வேண்டும்?' என்று வழக்காடத் தொடங்கியது. அது எடுத்துரைத்த நியாயங்கள் நான்கு. ஏறத்தாழ முப்பதாண்டு எவரும் தொடாத நூல், படிக்கின்ற என்னிடம் இருப்பதே மேல் என்பது முதலாவது. ஊதியமின்றி ஓராண்டு உழைத்தவனுக்கு இதுகூட உரியதன்றோ என்பது இரண்டாவது. தமிழ் அறியாதவர் கையில் இருந்தால் ஒருநாள் பழைய தாள்காரனுக்கே போய்ச் சேரும் என்பது மூன்றாவது. நான்காவது, என் தொழில் எனக்குக் கற்றுத் தந்தது.

மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் நூலகங்களைப் பற்றியும் ஒரு விதி உண்டு. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் வரையில் தொலைந்துபோனால், அதனை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்பது அது. அரசே ஆயிரத்துக்கு ஐந்தை மன்னிக்கிறது. அந்த ஐந்தில் இந்நூலும் ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று எண்ணினேன்.

2019 செப்டம்பரில் எங்கள் அலுவலகத்துச் சிறு நூலகத்தின் இருப்பைச் சரிபார்க்கும் குழுவில் என்னையும் சேர்த்தனர். பதிவேட்டில் உள்ள நூல்களில் சில அடுக்கில் இல்லை. குறிப்பு எழுதுவதற்காக அவ்விதியை முழுவதும் படித்தேன். அந்த இழப்பு நேர்மையின்மையாலோ கவனக்குறைவாலோ நேர்ந்ததாக இருத்தல் கூடாது என்று அதே விதி நிபந்தனையும் விதித்திருந்தது. இதற்கு முன்பும் படித்த வரிதான். ஆயினும் அன்று என் பேனா அங்கேயே நின்றுவிட்டது. விதி மன்னிப்பது நூலகரை, எடுத்தவனை அன்று. நெரிசலிலும் நெடும் பயன்பாட்டிலும் நேரும் இழப்புக்காக ஓர் ஏழை ஊழியர் தண்டனை பெறக் கூடாதே என்ற கருணையால் பிறந்த சலுகை அது. அக்கருணையை நான் எனக்குரிய பங்காக எண்ணிவிட்டேன்!

ஒன்று உடைந்ததும் ஏனைய மூன்றும் தாமே உடைந்தன. எவரும் படிக்கவில்லை என்பதற்குச் சான்று என்ன? நூல் அடுக்கில் இருந்தாலன்றோ ஒருவர் அதை நாடி வர முடியும்? உழைப்புக்கு ஊதியம் என்றேன். ஊதியம் வேண்டாம் என்று வாக்களித்துப் புகுந்தவன் பின்னர் எவரும் அறியாமல் அதனைத் தானே எடுத்துக்கொண்டால், செய்த தொண்டும் தொண்டாக நில்லாது. காப்பாற்றுகிறேன் என்றேன், காப்பாற்றுபவன் பலர் அறியக் காப்பாற்றுவான். நூல் அழியும் என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருந்திருந்தால், நூலகரிடம் சொல்லி அதற்குக் கட்டடம் செய்வித்திருக்கலாம். தமிழ் படிப்போர் மிகுந்த வேறொரு நூலகத்துக்கு அளிக்குமாறு வேண்டியிருக்கலாம். நான் இவற்றுள் எதையும் செய்யவில்லை. எடுத்த பொருளை மட்டுமன்றி எடுக்க நினைக்கும் எண்ணத்தையே வள்ளுவர் குற்றமாகக் கொண்டது ஏன் என்பது அன்று விளங்கிற்று. கை செய்யும் பிழைக்கு வேண்டிய நியாயங்களையெல்லாம் முன்கூட்டியே தேடித் தருவது அவ்வெண்ணம் அன்றோ?

நோட்டில் எழுதாத பெயர்கள்

அந்த வாரச் சனிக்கிழமையே சென்றேன். நூலகர் என்னைக் கண்டு எழுந்து நின்றார். நூலை அவர் மேசைமீது வைத்து, தாமதத்துக்கு அபராதம் எவ்வளவு என்று கேட்டேன். அவர் சிரித்தார். "உங்களுக்கு அபராதம் விதிக்கக் கணினியில் இடமே இல்லையே, மாஸ்டர்ஜி" என்றார். பிறகு நூலின் எண்ணைப் பார்த்தார், முகம் மாறியது.

"சென்ற குளிர்காலத்தில் ஒரு மாணவி இதற்காக இரண்டு முறை வந்தாள். வேறு கல்லூரிப் பெண். கணினி உள்ளே இருப்பதாகக் காட்டியது; அடுக்கில் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத் தொலைந்தது என்று சொல்லி அனுப்பினேன்."

"உங்கள் நோட்டில் எழுதியிருந்ததே?" என்றேன்.

"ஒரு வகுப்பு முடிந்தால் நோட்டையும் மூடி வைத்துவிடுவேன். நீங்கள் திருப்பித் தந்திருப்பீர்கள் என்றே நினைத்தேன்," என்றார். சற்றுப் பொறுத்து, "அந்த நூல் போனபின் வெளியாருக்கு எழுதித் தருவதையே நிறுத்திவிட்டேன்," என்று சேர்த்துக் கூறினார். அவர் குரலில் கடுமை இல்லை. அதனால்தான் எனக்கு அது பொறுக்கமுடியவில்லை.

அந்த மாணவி யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் தேடியது எதற்காக, கிடைக்காதபின் என்ன செய்தாள் என்பதும் தெரியவில்லை. நூலைத் திருப்பித் தர என்னால் முடிந்தது. அவளுடைய குளிர்காலத்தைத் திருப்பித் தர முடியாது. முப்பதாண்டு காத்திருந்த நூலுக்கு உரிய வாசகர் வந்தபோது, நூலை மறைத்து வைத்திருந்தவன் அதே நூலகத்தில் ரங்கநாதனின் விதிகளைப் போற்றியபடி தூசி துடைத்தவன்!

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து நூலகத்தைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. 1645இல் மன்னர் முதலாம் சார்லஸ் அங்கிருந்து ஒரு நூலை இரவல் கேட்டார். எவருக்கும் நூலை வெளியே தருவதில்லை என்ற விதியை நூலகர் எடுத்துக்காட்டினார், மன்னரும் ஏற்றுக்கொண்டார். மன்னனுக்கும் வளையாத அவ்விதி மேலானதா, ஓர் எழுத்தனுக்காக வளைந்து கொடுத்த என் நூலகரின் நெஞ்சம் மேலானதா என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். வளையாத விதிக்கு எவருடைய நேர்மையும் தேவையில்லை. அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும். வளைந்து கொடுக்கும் நெஞ்சத்துக்கோ, பெற்றவனுடைய நேர்மை ஒன்றே காவல். அவன் தவறினால் இழப்பு ஒரு நூலோடு நில்லாது. அவனுக்குப் பின்னே வரும் விருந்தினர் அனைவருக்கும் கதவு சாத்தப்படும். கட்டு எவ்வளவு தளர்ந்திருக்கிறதோ, கடமை அவ்வளவு இறுகுகிறது என்பதே நான் கண்ட முடிவு.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இது இன்னும் பொருந்தும். சென்னையில் ஒரு நூலகத்தில் தொலைந்த நூலை மற்றொரு நூலகத்தில் தேடலாம். இங்கோ தமிழ் அடுக்கில் ஒரு நூல் குறைந்தால், இந்நகர மாணவர்க்கு அந்நூலே இல்லாததாகிவிடக்கூடும். மேலும், அந்த அடுக்கைக் காக்க வேண்டிய பொறுப்பு, எழுத்தைப் படிக்கத் தெரிந்த நம்மிடமே இருக்கிறது. படிக்கத் தெரியாதவர்கள் முப்பதாண்டு பத்திரமாக வைத்திருந்ததைப் படிக்கத் தெரிந்தவன் தொலைத்தான் என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

நூலகரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தேன். என் அடையாள அட்டையின் நகலையும், உரிய காப்புத்தொகையையும் கொடுத்து, என்னைப்போல் வருவோர்க்கு மீண்டும் அந்த நோட்டைத் திறக்குமாறு கேட்டேன். பணத்தை அவர் வாங்கவில்லை. நோட்டை எடுத்து, என் பெயருக்கு நேரே திருப்பித் தந்த தேதியை எழுதி, அதன்கீழ் ஒரு கோடு கிழித்தார். "அடுத்தவர் வரட்டும், பார்ப்போம்," என்றார்.

அன்பர்களே, பொங்கலுக்கு முன் போகியன்று வீட்டைத் துப்புரவு செய்கிறோம். இம்முறை பழைய பாயையும் துடைப்பத்தையும் எடுக்குமுன் புத்தக அலமாரியைத் திறந்து பாருங்கள். வேறொருவர் முத்திரை தாங்கிய நூல் ஒன்று அங்கே இருந்தால், அதைத் தூசி தட்டி, உரிய இடத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். தாமதத்துக்கு என்ன காரணம் சொல்வது என்று தயங்க வேண்டாம். காரணம் ஏதும் சொல்லாமல் கொடுப்பதே நன்று.