பத்தியமும் பழியும்

இருதயம் தளர்ந்து, நுரையீரலிலும் கால்களிலும் நீர் கோத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து ஒருவாறு தேறி வீடு திரும்பிய முதியவர், மாதம் ஒன்று கழியுமுன் மூச்சிரைப்போடு மறுபடி அதே வார்டுக்குக் கொண்டுவரப்படுகையில், "வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா?" என்ற வினா எழுவதும், அது பெரும்பாலும் மனைவியையோ மருமகளையோ நோக்கியே எழுவதும் சர்வ சாதாரணம்.

இந்நோயில் ஔஷதத்துக்கு அடுத்த ஸ்தானம் குடும்பத்தின் சிசுருஷைக்கே என்பதில் ஐயமில்லை. காலையில் சிறுநீர் கழித்தபின் வெறும் வயிற்றோடு எடை பார்த்து, மூன்றே நாளில் 2 கிலோ ஏறியிருந்தால் அது சதையன்று, நீரே என்றுணர்ந்து வைத்தியருக்குத் தெரிவிப்பதும், கணுக்காலை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்ப்பதும், ஒரு தலையணையோடு உறங்கியவர் இப்போது மூன்று கேட்கிறாரே என்று துணுக்குறுவதும் உடனுறைவோர்க்கே இயலும். ஆனால் இவற்றில் ஒன்றையும் கற்பிக்காமல், டிஸ்சார்ஜ் சீட்டின் மூலையில் 'உப்பைக் குறைக்கவும்' என்று கிறுக்கிக் கொடுத்தனுப்பியவர்கள், பின்னர் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வது எந்த தர்மத்தில் சேர்ந்தது?

அமெரிக்காவில் 2012 அக்டோபர் முதல் அமலான ஓர் ஏற்பாடு, 30 நாளுக்குள் திரும்பிவரும் இத்தகைய நோயாளிகள் எதிர்பார்த்த அளவுக்கு மிஞ்சினால், முதியோர் காப்பீடான மெடிகேர் தரும் தொகையில் ஆஸ்பத்திரிக்கே பிடித்தம் செய்யத் தொடங்கியது. பழியை வாசலுக்கு வெளியே தள்ளிவிடாத அந்த எண்ணம் போற்றத்தக்கதே. எனினும் ஏழைகளை மிகுதியாக ஏற்கும் ஆஸ்பத்திரிகள் அவர்களுடைய வீட்டு வறுமைக்கும் சேர்த்து அபராதம் செலுத்த நேர்ந்தமையால், ஒத்த நிலையிலுள்ளவற்றோடு மட்டும் ஒப்பிடும்படி சட்டத்தைப் பின்னர் திருத்த வேண்டியதாயிற்று.

இனி, நோயாளியின் சுயேச்சை. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று பழகிய நாவுக்கு எதிரே ஊறுகாய் ஜாடியை ஒளித்து வைப்பது அன்பா, அதிகாரமா? வீடு முழுவதும் உப்பைக் குறைத்து உண்பது அன்பு. அவர் இலையை மட்டும் காவல் காப்பது, நன்மை கருதியதேயாயினும், ஒரு பெரியவரைச் சிறுபிள்ளையாக்குவதே. கலியாணத்துக்குப் பஸ்ஸில் போகும் நாளில், வழியில் ஒதுங்க இடமிராதே என்றஞ்சி நீர் பிரியும் மாத்திரையை விட்டுவிடும் பாட்டியைப் பிடிவாதக்காரி என்கிறோம். அன்றைக்கு மட்டும் மாத்திரையை வீடு திரும்பியபின் போட்டுக்கொள்ளலாமா என்று வைத்தியரைக் கேட்டறியும் பிரயாசையை அவ்வீட்டில் ஒருவரும் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.